தொய்ந்த அலைக்கு எந்தப் பலகை? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் லாங்போர்டு (ஒன்பதடி அளவிலான நீண்ட சர்ஃப் பலகை) பற்றி எழுதிய பத்திக்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சொல்கின்றன. "எங்கள் கரையில் அலை இடுப்புக்கு மேல் எழுவதில்லை. எழுந்தாலும் நிமிர்ந்து நிற்காமல் நுரையாகச் சரிந்துவிடுகிறது. இதற்கு எந்தப் பலகை வாங்குவது?" சென்னையை அடுத்த கோவளத்தில் சர்ஃப் பலகைகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அதே கரையில் இறங்கி அலையேறுபவனும் நான்தான். ஆகவே இந்த இதழ் முழுவதையும் இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்குகிறேன்.

வயது 34, எடை 74 கிலோ. பயிற்சிப் பள்ளியின் மெத்தைப் பலகையில் (மேற்பரப்பு மென்மையான பலகை) எழுந்து நிற்கக் கற்றுவிட்டேன். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். கடைக்காரர் 9 அடி நீளம், 22½ அங்குல அகலம், 2¾ அங்குலத் தடிமன் கொண்ட, எடை குறைந்த, மூன்று ஃபின் (பலகையின் அடியில் வாலருகே பொருத்தும் துடுப்பு போன்ற தகடு) வைத்த எபாக்சி பலகையைக் காட்டுகிறார். நண்பர் 9 அடி 6 அங்குலத்தில் கனமான ஒற்றை ஃபின் பலகைதான் வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், திருவான்மியூர்

நண்பர் சொல்வதைக் கேளுங்கள். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், மற்றவர்களின் கேள்விகளுக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது.

இடுப்பளவு அலை, ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்துக்கு வரும்போது உடைகிறது. அந்த ஆழத்தில் அலையின் வேகம் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். பலகைமேல் படுத்துக் கைகளால் துழாவி நாம் எட்டும் வேகம் அதில் பாதி இருந்தால் பெரிது. மீதி வேகம் எங்கிருந்து வரும்? செங்குத்தாக எழும் அலையானால் அதன் சரிவே நம்மைக் கீழே இழுத்து வேகம் கொடுத்துவிடும். தொய்ந்த அலையில் அந்தச் சரிவு கிடையாது. அலை தராததைப் பலகைதான் தர வேண்டும். யாருக்குப் பலகை பார்த்துக் கொடுத்தாலும் நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

நீளம் கூடும்போது அதே உழைப்புக்குப் பலகை அதிக வேகம் எடுக்கிறது. அதனால் அலை முழுதாக எழுவதற்கு முன்பே, தள்ளி நின்றே அதைப் பிடித்துவிடலாம். அடுத்தது அடிப்பாகத்தின் வளைவு. கடைக்காரர்கள் ராக்கர் என்பார்கள். பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மூக்கும் வாலும் மட்டும் மெல்ல மேலேற, நடுவில் நீண்ட பகுதி தரையோடு தட்டையாகக் கிடந்தால் அது உங்கள் அலைக்கு ஏற்ற பலகை. மூக்கிலிருந்து வால்வரை வாழைப்பழம்போல வளைந்திருந்தால் அது நிமிர்ந்த அலைக்காகச் செய்தது. தொய்ந்த அலையில் அந்த வளைவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், வேகம் பிடிக்காது. கடைக்காரர் காட்டிய 9 அடிப் பலகை எப்படி வளைந்திருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் எடை குறைந்த, மூன்று ஃபின் வைத்த லாங்போர்டுகள் பெரும்பாலும் வளைவு அதிகமாகவே வருகின்றன, ஏனென்றால் அவை வேகமாகத் திருப்புவதற்காகச் செய்யப்படுபவை.

கொள்ளளவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அவர் காட்டும் பலகை சுமார் 62 லிட்டர் வரும். நண்பர் சொல்லும் நீளத்தில் 23 அங்குல அகலமும் 3 அங்குலத் தடிமனும் இருந்தால் 75 லிட்டர் அளவில் நிற்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில், அதுவும் தொய்ந்த அலையில், உடல் எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை லிட்டர் இருப்பது நல்லது. உங்கள் 74 கிலோவுக்கு 75 லிட்டர் சரியாகப் பொருந்துகிறது. பழகிய பிறகு இதைவிடக் குறைவானதிலும் ஓட்டலாம், ஆனால் இப்போது அவசரம் வேண்டாம்.

எடையைப் பற்றித்தான் பலருக்குத் தயக்கம். கனமான பலகையைத் தூக்க முடியுமா, திருப்ப முடியுமா என்கிறார்கள். எபாக்சி ரெசின் என்ற பிசினால் போர்த்திய பலகை இலேசானது, நன்றாக மிதக்கும், சீக்கிரம் புறப்படும், இதை மறுக்கவில்லை. ஆனால் நம் கடலில் முற்பகலிலேயே காற்று எழுந்து மேற்பரப்பு சலசலக்கத் தொடங்கிவிடும். அப்போது இலேசான பலகை ஒவ்வொரு சிற்றலையிலும் துள்ளும். பாலியூரிதேன் நுரைமேல் நல்ல தடிமனாக ஃபைபர் கிளாஸ் போர்த்திய பலகை அந்தச் சலசலப்பை அழுத்திக்கொண்டு போகும். இன்னொன்றும் உண்டு. தொய்ந்த அலை ஒரே சீராக ஓடாது. நடுவில் ஆழம் கூடும் இடத்தில் அலை படுத்துவிடும், மறுபடி மேடு வரும்போது எழும். அந்த இடைவெளியைக் கடக்கக் கனமான பலகையின் ஓட்டம்தான் உதவும். இலேசான பலகை அங்கேயே நின்றுவிடுவதைக் கோவளத்தில் எந்தக் காலையிலும் பார்க்கலாம்.

பலகையின் விளிம்பு நடுப்பகுதியில் உருண்டையாக, மேலும் கீழும் சமமாக இருக்கட்டும். கடையில் நிற்கும்போது எல்லோருக்கும் ஆண்டின் சிறந்த நாள்தான் கண்முன் வரும். தோளளவு அலை, கண்ணாடிபோல் கடல். அந்த நாளுக்கு நண்பரிடம் வேறொரு பலகையை இரவல் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கும் பலகை, உங்கள் கரையில் சாதாரணமாக வரும் அலைக்கானதாக இருக்கட்டும்.

மாமல்லபுரத்தில் காலை ஆறு மணிக்கு அழகாக எழும் அலை, மதியம் அதே இடத்தில் சோர்ந்து சரிகிறதே, ஏன்?
– ஒரு கல்லூரி மாணவி, மாமல்லபுரம்

பெரும் பங்கு காற்றுக்குத்தான். மே முதல் செப்டம்பர் வரை நம் கிழக்குக் கரையில் அதிகாலையில் மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அது அலையின் முகத்தில் பட்டு அதைத் தாங்கிப் பிடிக்கிறது, உடைவதைத் தாமதப்படுத்துகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வீசத் தொடங்கும். அலையின் முதுகில் காற்று தள்ளும்போது, நிமிர வேண்டிய நேரத்துக்கு முன்பே உச்சி உதிர்ந்துவிடுகிறது. நீங்கள் மதியம் பார்க்கும் சோர்ந்த அலை அதுதான்.

கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ளும். நம் பக்கம் ஏற்ற இறக்கம் பெரிதல்ல, பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களிலேயே ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் மென்சரிவான மணல் திட்டின்மேல் அரை மீட்டர் தண்ணீர் கூடினாலே அலை கரைக்கு அருகே வரும்வரை உடையாது, உடைந்தாலும் வலுவில்லாமல் உடையும். அடுத்த முறை அலை எழும் இடைவெளியையும் கவனித்துப் பாருங்கள். தெற்கே இந்தியப் பெருங்கடலின் கோடியில் புயலால் எழுந்து வங்காள விரிகுடாவுக்குள் வரும் அலைகளுக்கு இடையே பதின்மூன்று, பதினான்கு விநாடிகூட இருக்கும். அவற்றுக்கு வலு அதிகம். பக்கத்துக் காற்றால் எழும் அலைகள் ஆறேழு விநாடிக்கு ஒன்றாக நெருங்கி வரும், கட்டுக்கோப்பு இருக்காது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் அலையின் உயரத்தையும் இடைவெளியையும் முன்கூட்டியே வெளியிடுகிறது. கள்ளக்கடல், அதாவது முன்னறிகுறி இல்லாமல் கரையில் பொங்கும் பேரலை பற்றிய எச்சரிக்கை தருவதும் அவர்களே. அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் எந்தப் பலகையோடும் இறங்க வேண்டாம்.

உங்கள் மதிய அலைக்கு முதல் கடிதத்தில் சொன்ன பலகையே பொருந்தும்.

எடை 52 கிலோ, உயரம் 5 அடி 1 அங்குலம். செரினிட்டி கடற்கரையில் இறங்குகிறேன். எல்லோரும் 9 அடி 6 அங்குலம் என்கிறார்கள். கக்கத்தில் வைத்தால் என் கை மறுபக்க விளிம்பை எட்டவே இல்லை.
– ஒரு வாசகி, புதுச்சேரி

எல்லோரும் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது, சகோதரி. கொள்ளளவு உடல் எடையைப் பொறுத்தது. 9 அடி அல்லது 9 அடி 1 அங்குலம், 22 அங்குல அகலம், 2⅝ அல்லது 2¾ அங்குலத் தடிமன். இது 60 லிட்டருக்குச் சற்று முன்பின் வரும். உங்களுக்குத் தாராளம். அகலத்தைக் கூட்டினால் படுத்துத் துழாவும்போது தோள்கள் விரிந்து கைகள் நீருக்குள் ஆழமாக இறங்காது. கரைக்குத் திரும்பும்போது தோள்பட்டை வலிப்பதாகப் பெண்கள் சொல்வதற்கு, நான் பார்த்தவரை, பெரும்பாலும் இந்த அகலம்தான் காரணம்.

நீளத்தை மட்டும் 9 அடிக்குக் கீழே குறைக்காதீர்கள். "உனக்கு எடை குறைவு, எட்டு அடி போதும்" என்று யாராவது சொல்லக்கூடும். எட்டு அடிப் பலகை உங்களை மிதக்க வைக்கும், உண்மைதான். ஆனால் தொய்ந்த அலையில் மிதப்பதைவிட ஓட்டம்தான் முக்கியம், அது நீளத்தில் இருக்கிறது.

தூக்குவதற்குத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சும்மாடு சுருட்டி, பலகையின் நடுப்பகுதி உச்சந்தலையில் படும்படி வைத்து இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்தால் கழுத்துக்கும் சிரமம் இல்லை. காற்று பலமாக இருந்தால் மட்டும் துணைக்கு ஒருவரை அழைத்து முன்னும் பின்னுமாகத் தூக்குங்கள். பக்கவாட்டுக் காற்றில் ஒன்பதடிப் பலகை ஆளையே சுழற்றிவிடும்.

ஒரு ஃபின் போதுமா, பக்கத்தில் இரண்டு சிறிய ஃபின்களும் வேண்டுமா? ஒற்றை ஃபின் என்றால் எத்தனை அங்குலம்?
– ஒரு வாசகர், பெசன்ட் நகர்

அலை தொய்வாக இருந்தால் ஒன்றே போதும். பக்க ஃபின்கள், வேகமான செங்குத்து அலையில் வால் வழுக்காமல் பிடித்துக்கொள்வதற்கானவை. நம் அலையில் வால் வழுக்கும் அளவுக்கு வேகமே வராது, அவை இழுவையைத்தான் கூட்டும். உங்கள் பலகையில் மூன்று ஃபின்களுக்கும் இடம் இருந்தால் பக்கத்து இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, நடுவில் இருக்கும் சிறிய ஃபினுக்குப் பதிலாகப் பெரியதாக ஒன்றை மாட்டுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பலகையை மாற்ற நினைப்பவர்கள் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுவே.

பலகையின் ஒவ்வொரு அடிக்கும் ஃபினில் ஓர் அங்குலம் என்பது பழைய கணக்கு. 9½ அடிப் பலகைக்கு 9½ அங்குலம். அதிலிருந்து தொடங்குங்கள். நேராக நிமிர்ந்து அடியும் நுனியும் ஒரே அகலமாக இருக்கும் ஃபின், நின்ற இடத்திலேயே பலகையைச் சுழற்றித் திருப்ப உதவும், மூக்கில் நடப்பவர்களுக்கும் அதுவே பிடிக்கும். பின்னோக்கிச் சாய்ந்து நுனி மெலிந்த ஃபின், நீண்ட வளைவாகத் திரும்பும், திருப்பத்திலிருந்து வெளிவரும்போது ஒரு உந்துதல் தரும்.

ஃபின் பொருத்தும் நீண்ட பெட்டிக்குள் அதை முன்னும் பின்னும் நகர்த்த முடியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முன்னே நகர்த்தினால் பலகை எளிதாகத் திரும்பும். பின்னே தள்ளினால் நேராகவும் உறுதியாகவும் ஓடும். முதலில் பெட்டியின் நடுவில் வைத்து ஓட்டுங்கள், பிறகு அரை அரை அங்குலமாக மாற்றிப் பாருங்கள். அரை அங்குலத்தில் ஒரு பலகையின் குணமே மாறிவிடும். பட்டறைக்கு வருபவர்களுக்கு ஒரு திருகாணியைத் தளர்த்திக் காட்டினாலே புதுப் பலகை கிடைத்ததுபோல் முகம் மலர்கிறது, எனக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

விஸ்கி பாயிண்ட், பேபி பாயிண்ட் பக்கம் வெளிநாட்டினர் பலகையின் மூக்குக்கு நடந்துபோய் விரல்களைத் தொங்கவிட்டு நிற்கிறார்கள். பலகை ஏன் முன்பக்கமாகக் குப்புற விழுவதில்லை? அதற்கென்று தனிப் பலகை உண்டா?
– ஒரு இளைஞர், பொத்துவில், இலங்கை

தம்பி, உங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இந்தக் கலையைப் பழகுவதற்கான அலை வாசலிலேயே இருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வலப்பக்கமாக நீண்டு ஓடும் மென்மையான அலைக்காகத்தான் உலகமெங்கும் இருந்து உங்கள் பக்கத்து அறுகம்பைக்கு வருகிறார்கள்.

குப்புற விழாததற்குக் காரணம் வாலில் இருக்கிறது. அலை உடைந்து வரும்போது அதன் தண்ணீர் பலகையின் வால்மேல் ஏறி ஓடுகிறது. அந்த நீரின் எடையும், வாலின் உருண்டை விளிம்பைச் சுற்றி நீர் ஒட்டி ஓடுவதால் ஏற்படும் உறிஞ்சலும் வாலைக் கீழே பிடித்து வைக்கின்றன. பின்புறம் அப்படிக் கட்டுண்டு கிடப்பதால் முன்புறத்தில் மனிதன் நிற்க முடிகிறது. ஆகவே மூக்கில் நிற்பவர் அலையின் உடையும் பகுதிக்கு மிக அருகிலேயே இருக்க வேண்டும். முந்தி ஓடிவிட்டால் வால்மேல் தண்ணீர் இல்லை, பலகை கவிழும்.

இதற்கென்றே செய்யும் பலகைக்கு மூக்கு அகலம். நுனியிலிருந்து ஓர் அடி உள்ளே அளந்தால் 18 அங்குலத்துக்குக் குறையாது. மூக்கின் அடியில் ஆழமில்லாத குழிவு இருக்கும், அதில் நீர் அழுத்தி மூக்கைத் தூக்கும். வால் அகலமாகச் சதுரமாக முடிந்து, கடைசியில் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவின்மேல் ஏறும் தண்ணீர்தான் வாலை அழுத்துகிறது. முதல் கடிதத்தில் வளைவு கூடாது என்று சொன்னேன், வாலின் கடைசி அடிகளில் உள்ள இந்த வளைவு மட்டும் விலக்கு. இதனால் பலகையின் வேகம் கொஞ்சம் குறையும். அது நல்லதே, வேகம் குறைந்தால்தான் அலையின் உடையும் பகுதியை விட்டு விலகாமல் நிற்க முடியும்.

நடப்பதற்கு ஒரு சொல். கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே மாற்றி வைத்து நடக்க வேண்டும். இரண்டு கால்களையும் சேர்த்து நகர்த்தினால் பலகை ஆடும். மணலில் பலகை நீளத்துக்கு ஒரு கோடு போட்டு அதன்மேல் முன்னும் பின்னும் நடந்து பழகுங்கள். திரும்பி வரும் நடைதான் கடினம், அதையே அதிகம் பழகுங்கள்.

சென்னையில் ஒருவரிடம் பழைய எபாக்சி லாங்போர்டு வாங்கினேன். விளிம்பில் விரிசல். படகு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஃபைபர் ஒட்டச் சொன்னேன், பலகை உள்ளே கரைந்து பள்ளமாகிவிட்டது. ஏன் இப்படி?
– ஒரு வாசகர், வேலூர்

உங்கள் கடிதத்தைப் படித்து மனம் வருந்தியது. நம் கரையில் ஊருக்கு ஊர் ஃபைபர் படகு ஒட்டும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய வேலையில் குறையில்லை. அவர்கள் பயன்படுத்தும் பாலியஸ்டர் ரெசின்தான் பிரச்சினை. அதில் ஸ்டைரீன் என்ற கரைப்பான் இருக்கிறது. எபாக்சி பலகையின் உள்ளே இருக்கும் நுரை, நம் வீட்டில் டிவி பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் வகை. ஸ்டைரீன் பட்டதும் தெர்மாகோல் கரைந்துபோகும். பாலியூரிதேன் நுரைப் பலகைக்குப் படகு ரெசினே போதும், ஒன்றும் ஆகாது. தெர்மாகோல் நுரைக்கு எபாக்சி ரெசின் மட்டுமே. எந்த வகை என்று தெரியாவிட்டால் எபாக்சியையே கேளுங்கள், அது இரண்டிலும் ஒட்டும்.

உங்கள் பலகையைக் காப்பாற்ற முடியும். கரைந்த இடத்தை வெட்டி எடுத்து, அதே வகை நுரைத் துண்டைப் பொருத்தி, எபாக்சியில் ஃபைபர் துணி போர்த்த வேண்டும். அதற்குமுன் நன்றாகக் காய வையுங்கள், நிழலில், விரிசல் கீழ்நோக்கி இருக்கும்படி. உள்ளே உப்புத் தண்ணீர் இருக்கும்போதே மூடினால் அது உள்ளிருந்தபடியே துணியை நுரையிலிருந்து பிரித்துவிடும்.

பழைய பலகை வாங்கப் போகும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கட்டைவிரலால் மேற்பரப்பு முழுவதும் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் அங்கே துணி நுரையை விட்டுப் பிரிந்திருக்கிறது. பலகையைக் கவிழ்த்து அடிப்பாகத்தில் குறுக்காக மடிப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். அது ஒருமுறை ஒடியப்போன பலகை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஃபின் பெட்டியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கும். மஞ்சள் நிறம் வெறும் வெயிலால் வருவது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

உங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, வேலூர் வெயிலுக்காக. மூடிய காருக்குள்ளும் மொட்டை மாடியிலும் எபாக்சி பலகையை வைக்காதீர்கள். உள்ளே உள்ள காற்று விரிந்து துணியைக் கொப்புளமாக எழுப்பிவிடும். வெள்ளி நிற உறையில் போட்டு, வீட்டுக்குள் சுவரோரம் படுக்கவையுங்கள்.

வேலை நிமித்தமாகக் கலிபோர்னியாவில் இருக்கிறேன். சான் ஓனோஃப்ரேயில் கற்றுக்கொள்கிறேன். உடன் வேலை செய்பவர் 10 அடி 6 அங்குலப் பலகை ஒன்றைத் தருகிறேன் என்கிறார். அவ்வளவு நீளம் தேவையா?
– ஒரு வாசகர், இர்வைன்

தருகிறார் என்றால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்! இந்த இதழின் தலைப்புக்கு உலகிலேயே பொருத்தமான கரை ஒன்றில்தான் நீங்கள் இறங்குகிறீர்கள். சான் ஓனோஃப்ரேயில் அலை கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, உருண்டைக் கற்கள் நிறைந்த மென்சரிவான தரையின்மேல் உடைகிறது. உடைந்த அலை படுத்து, மறுபடி எழுந்து, மறுபடி படுத்துக் கரைவரை வரும். பத்தரை அடிப் பலகை அந்தத் தூரம் முழுவதையும் ஒரே ஓட்டமாகக் கடக்கும். போகும்போது துழாவ வேண்டிய நீண்ட தூரத்துக்கும் அதுவே துணை.

அங்கே தண்ணீர் குளிர்ந்தது, ஆண்டின் பெரும்பகுதியில் ரப்பர் உடை அணிந்துதான் இறங்குவீர்கள். அந்த உடை நனைந்தால் இரண்டு மூன்று கிலோ கூடும், தோளின் அசைவும் குறையும். அதையும் கணக்கில் சேர்த்தால் நீளம் இன்னும் நியாயமாகிறது. திருப்புவது மெதுவாகத்தான் இருக்கும். வால்மேல் நன்றாகப் பின்னால் கால் வைத்து, தோளைத் திருப்பி, பலகை வரும்வரை பொறுத்திருங்கள். தள்ளி உட்கார்ந்து எல்லா அலையையும் நீங்களே பிடித்துவிடக்கூடிய பலகை அது, ஆகவே கரைப்பக்கமாகக் காத்திருப்பவர்களுக்கும் விட்டுக்கொடுங்கள். கரையோரம் ஃபின் கல்லில் படாமல் இருக்க, முழங்கால் ஆழம் வருவதற்கு முன்பே இறங்கிவிடுங்கள்.

லாங்போர்டு வயதானவர்களுக்கானது என்று என் மகன் கேலி செய்கிறான்.
– ஒரு வாசகர், நீலாங்கரை

அவரிடம் இதைச் சொல்லுங்கள். 1966இல் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் நாட் யங் வென்றது 9 அடி 4 அங்குலப் பலகையில். அப்போது அவருக்கு வயது 18. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பலகைகள் மளமளவென்று குட்டையாகின, அதுவும் செங்குத்தான அலைகளில் கூர்மையாகத் திருப்ப வேண்டும் என்ற ஆசையால். அந்த ஆசை அந்த அலைகளுக்குச் சரி. பிறகு லாங்போர்டு மீண்டும் வந்தது. ஹவாயில் உள்ள வைக்கீக்கியின் மெல்லிய அலையில் வளர்ந்த கெலியா மோனிஸ் 2012, 2013 ஆண்டுகளில் மகளிர் லாங்போர்டு உலகப் பட்டம் வென்றபோது இருபது வயதை ஒட்டித்தான் இருந்தார். அமெரிக்காவின் ஜோயல் டியூடர் 1998, 2004, 2021 என்று மூன்று லாங்போர்டு உலகப் பட்டங்கள் வென்றிருக்கிறார். நீலாங்கரை அலையில் உங்கள் மகன் ஆறடிப் பலகையோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீங்கள் பத்து அலை ஓடிவிடலாம். ஒருநாள் பலகையை மாற்றிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள்.

12 வயது மகளுக்கு எட்டு அடி மெத்தைப் பலகை போதுமா?
– ஒரு தாய், கடலூர்

போதும். அடிபட்டாலும் காயம் குறைவு, மிதப்பும் தாராளம். ஃபின்களும் மென்மையானவையாகப் பார்த்து வாங்குங்கள். அவளுடைய உயரமும் எடையும் கூடிய பிறகு கடினப் பலகைக்கு மாறலாம்.

நீளமான பலகையோடு நுரை அலைகளைத் தாண்டி உள்ளே போவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. அலை வரும்போது பலகையை விட்டுவிட்டு நான் மூழ்கிக்கொள்கிறேன். சரிதானா?
– ஒரு வாசகர், கோவளம்

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒன்பதடிப் பலகையும், அதைக் காலோடு இணைக்கும் அதே நீளக் கால்கயிறும் சேர்ந்தால், உங்களுக்குப் பின்னால் ஆறு மீட்டர் தூரம்வரை அது யாரையும் தாக்கலாம். கனமான பலகை வாங்கச் சொல்லும் எனக்கு இதை அழுத்திச் சொல்லும் கடமையும் இருக்கிறது.

குட்டைப் பலகைக்காரர்கள்போல மூக்கை அமுக்கி அலைக்கு அடியில் போக, இவ்வளவு மிதக்கும் பலகையால் முடியாது. நுரை அலை நெருங்கும்போது பலகையை அலைக்கு நேராகத் திருப்புங்கள். கொஞ்சமும் சாய்வாக இருக்கக் கூடாது. தோளுக்கு நேரே இரண்டு விளிம்புகளையும் இறுகப் பற்றி, மூச்சை இழுத்துக்கொண்டு, பலகையோடு சேர்ந்து அப்படியே கவிழ்ந்துவிடுங்கள். நீங்கள் கீழே, பலகை மேலே. அலை பலகையின் அடிப்பாகத்தில் உருண்டு போகும். அது தொடும் நேரத்தில் மூக்கைச் சற்றே உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தால் பலகை பின்னால் பறிபோகாது. கடந்ததும் புரண்டு எழுந்து, நிற்காமல் துழாவுங்கள். சிறிய நுரைக்குக் கவிழவே வேண்டாம், கைகளை ஊன்றி உடலைத் தூக்கினால் உடலுக்கும் பலகைக்கும் நடுவே அது ஓடிவிடும்.

உள்ளே போகும் பாதையையும் யோசியுங்கள். அலை உடையும் இடத்துக்கு நேராகப் போகாமல், பக்கத்தில் உடையாத ஆழமான பகுதி வழியாகச் சுற்றிப் போனால் பாதிச் சிரமம் குறையும். கோவளத்தில் அந்த ஆழப் பகுதியைப் படகுகளும் பயன்படுத்துகின்றன. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் படகுகள் அப்போதும் காலையில் மீனோடு கரையேறும். அலையின் முதுகில் ஏறி வரும் படகால் நினைத்த இடத்தில் நிற்கவோ திரும்பவோ முடியாது, எனவே விலக வேண்டியது நாம். இறங்குவதற்கு முன் கரையில் வலை உதறும் அண்ணன்களிடம் "இன்னும் எத்தனை படகு வர வேண்டும், எந்தப் பக்கம் ஏற்றுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.